முன்பக்கம் வாடகைக்கு

இன்று காலை என் வீட்டில் நான் சமைக்காத குழம்பு மணத்தது. கருவாட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டு, புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு யாரோ கொதிக்கவிடுகிற மணம். போர்வையை விலக்காமல் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ என்ன யாரோ! என் வாடகைக்காரி. என் சுவருக்கு அந்தப் பக்கம், என் கூரைக்குக் கீழே, தன் அடுப்பில் சமைக்கிறாள். உடனே உன்னிடம் சொல்லவேண்டும் என்று கை பரபரத்தது. தொலைபேசியைக்கூட எடுத்துவிட்டேன், உன் எண் இன்னும் அதில்தான் இருக்கிறது. பிறகுதான் நீ இல்லை என்பது நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அடியே, வீடு வாங்கிவிட்டேன்! கொட்டகலை கடைவீதியைத் தாண்டி, ரயில் பாதைக்குக் கீழே, பதினேழு படி ஏறிப்போனால் தகரக் கூரை போட்ட பழைய வீடு. முன்னால் விறாந்தை, கூடம், இரண்டு அறை. பின்னால் ஓர் அறை, விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டில். இப்போது அந்தக் கொட்டில்தான் நான் சமைக்கிற குசினி. நீ இருந்திருந்தால் வீடு எவ்வளவு பெரியது, என்ன விலை என்றெல்லாம் கேட்டிருக்கமாட்டாய். "நீ எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டிருப்பாய். பின்பக்கம்தான். நீ சொன்னபடியே நல்ல பக்கத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, விறகு வாசம் போகாத பக்கத்தில் நான் ராணி மாதிரி இருக்கிறேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில் நாம் இருந்த அந்த மாடி அறை உனக்கு மறக்குமா? புடவைக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, ஆறு பேர் ஒரே நேரத்தில் காலை நீட்டினால் ஒருத்தியின் கால் இன்னொருத்தியின் தலையணையில் இருக்கும். நாங்கள் எல்லாரும் வாடகை கூடிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் வீட்டுக்கார ஆன்ட்டியைக் கவனித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாய்.

"ஆன்ட்டி எங்க படுக்குறாங்கன்னு பாத்தியாடி? குசினிக்குப் பக்கத்துல அந்தப் பொட்டி ரூம்ல. காத்து வர்ற ரூமெல்லாம் நமக்குக் குடுத்துட்டாங்க."

"பாவம்" என்றேன் நான்.

"பாவமா? மண்டூகம்! நாம ஆறு பேரும் சேந்து அவங்க வீட்டுக் கடன கட்டிக்கிட்டு இருக்கோம். பாவம் நாமதான்."

அதோடு விட்டாயா? அடுத்த நாளே ஆன்ட்டியிடம் போய் நேராகவே கேட்டுவிட்டாய். கோபித்துக்கொள்வார், இனி வெந்நீர்கூடக் கிடைக்காது என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவரோ உன்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கணவர் இறந்தபோது வங்கிக் கடன் பாதிக்குமேல் மிச்சம் இருந்ததாம். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கச் சொன்னார்களாம் சொந்தக்காரர்கள். "நான் வீட்டை விட்டுப் போகேல்லை, வீட்டுக்குப் பின்னாலை போனனான்" என்று அவர் சொன்னதை நீ எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்!

அன்றிலிருந்து நமக்கு வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் கடலையைக் கொறித்துக்கொண்டு, மனசுக்குள்ளேயே நம் மலைநாட்டில் வீடு பார்த்தோம். இரண்டு வாசல் வைக்கக்கூடிய வீடாக இருக்கவேண்டும். தண்ணீருக்குச் சண்டை வராமல் இரண்டு குழாய். கரண்ட் மீட்டர் தனித்தனி. ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் எப்போதும் வீடு தேடுவார்கள். யார் வந்தாலும் "சிரிச்சுப் பேசு, ஆனா எழுதி வச்சுக்க." இதெல்லாம் நீ சொல்லச்சொல்ல நான் தலையாட்டியதுதான். அட்டன் பக்கமா கொட்டகலைப் பக்கமா என்று ஒருநாள் வந்த சண்டையில் கடலைப் பொட்டலம் மண்ணில் கொட்டிப்போனது. கையில் ஒரு சல்லி கிடையாது, சண்டை மட்டும் அப்படி!

எனக்கும் உனக்கும் ஒரே தேயிலைத் தோட்டம், அடுத்தடுத்த லயத்து வரிசை வீடுகள். ஆனால் நீ எங்கே அப்படி வளர்ந்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. புடவைக்கடையில் யாரையும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பொம்மைகளுக்கெல்லாம் உன் இஷ்டத்துக்குச் சேலை மாற்றினாய். முதலாளி கத்தினார். மூன்றாம் நாள் அந்தச் சேலைகள் தீர்ந்துபோனதும் அவரே உன்னைக் கூப்பிட்டு அடுத்த பொம்மைக்கு என்ன கட்டலாம் என்று கேட்டார். "கேட்டுக்கிட்டே இருந்தா கெழவியாயிருவோம்டி" என்பாய். நான் பக்கத்து அறைக்குப் போகவே அனுமதி கேட்கிற சாதி.

எங்கள் அப்பாவின் ஜன்னல் கதை உனக்குத் தெரியும். தோட்டம் கொடுத்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் புகை போக வழியில்லாமல் அம்மா இருமிக்கொண்டே இருந்தார். பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளலாமா என்று அப்பா வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் கேட்டார். அவர் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்கச் சொன்னார். துரை பார்க்கலாம் என்றார். அப்புறம் அந்தத் துரை மாறிப்போய் புதுத் துரை வந்தார், அப்பா முதலிலிருந்து கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய காலமே முடிந்துவிட்டது. சுவர் நம்முடையது இல்லை என்பது எங்களுக்கு மூச்சுவிடுவது மாதிரிப் பழகிப்போயிருந்தது.

நீ படுக்கையில் விழுந்த அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "வீடு பாத்தியா?" இல்லை என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். நீ போன துக்கம் தாங்காமல் நான் வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பி, அட்டனில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தபோது, என்னை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடு பார்க்கத் துரத்தியது அதுதான்.

பதினோராவது வீடு இது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மகளோடு கண்டிக்குப் போவதற்காக விற்றார். உள்ளே நுழைந்ததும் நான் அறையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. பின்பக்கமாக ஓடிப்போய், சந்து மாதிரி இருந்த ஒழுங்கைப் பக்கம் வாசல் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது! சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தரை கொஞ்சம் வெடித்திருக்கிறதே என்று சும்மா குறை சொன்னேன். வங்கியில் ஏழெட்டு முறை ஏறி இறங்கி, மருந்துக்கடை முதலாளியையும் பெரியப்பா மகனையும் பிணைக்கு நிற்கவைத்து, பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டேன். உறுதிப் பத்திரத்தில் என் பெயர். நம் தோட்டத்துச் சனத்தில் எத்தனை பேருடைய பெயர் ஒரு காணி உறுதியில் இருக்கிறது சொல்லு.

அம்மா மட்டும் வர மறுத்துவிட்டார்.

"நீ போய் இரு. லயத்து ரூம விட்டுட்டு வந்தா நாளைக்கு என்ன கேட்டாலும் திருப்பித் தரமாட்டாங்க. பேங்க்காரன் வீட்டப் புடிச்சிட்டான்னா ரெண்டு பேரும் ரோட்லதான் நிக்கணும்."

"வாடகை வரும்மா. அதுலயே தவணை கட்டிரலாம்."

"வரட்டும், பாப்போம். சொந்த வீட்டுல எவளாச்சும் பின்னால போய் இருப்பாளா? ஊரு சிரிக்கும்."

அம்மாவுக்கு அவருடைய நியாயம் இருந்தது. இன்னும் ஒன்றரை வருடத்தில் தோட்ட வேலையிலிருந்து நிற்கவேண்டியவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே காம்பரா. நல்லதோ கெட்டதோ, அதிலிருந்து அவரை யாரும் கிளப்பியதில்லை. எனக்கோ அம்மா வந்து சேராவிட்டால் இது வீடே இல்லை. இருமிக்கொண்டிருக்கிற அம்மாவை அந்தப் புகைக்குள் விட்டுவிட்டு இங்கே நான் யாருக்காக வீட்டைக் காப்பாற்றுவது? வாடகை ஒழுங்காக வந்தால் அம்மா நம்புவார், நம்பினால் வருவார். எல்லாம் அந்த முன்பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வாடகைக்காரியும் கிடைத்துவிட்டாள். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. மருந்துக்கடைக்கு வந்தபோது பேச்சுக்கொடுத்துப் பிடித்தேன். கணவருக்கு ஊரில் வேலை, மாதம் இரண்டு முறை வந்து போவார். வீட்டைப் பார்த்ததும் விறாந்தையில் நின்று எதிரே இருந்த தேயிலை மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத முடிவுக்குள் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கிற சுவரை எழுப்பி, பின்பக்கம் எனக்கு ஒரு வாசலும் வெட்டிவிட்டால் வந்துவிடுகிறேன் என்றாள். கொத்துவேலை செய்கிற மேசன் பாஸும் வந்து அளந்துவிட்டுப் போனார். எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். "சொல்றேன் பாஸ்" என்றேன்.

இங்கேதான் நீ என்னைத் தலையில் குட்டப்போகிறாய். நான் சொல்லவேயில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. பாஸ் இரண்டு முறை தொலைபேசி எடுத்தார். மழை என்றேன், கடையில் வேலை கூடிவிட்டது என்றேன். உண்மையான காரணம் எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்து, வாசல் வெட்டவேண்டிய அந்தப் பின்சுவரைப் பார்ப்பேன், வேலைக்குப் போவேன், வந்து மறுபடியும் பார்ப்பேன். முதல் தவணைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். வாசல் வெட்டவேண்டிய இடத்தைக் காட்டினேன். அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கேட்டுட்டியா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமே வெகு சாதாரணமான பேச்சாக இருந்தது. அதைவிடக் கூத்து, மறுநாள் நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன். கண்டியில் இருக்கும் அந்தக் கிளார்க் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்து, நலம் விசாரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, பின்சுவர்ல ஒரு வாசல் வெட்டிக்கலாங்களா?" என்றேன்.

அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"பிள்ளை, வீடு இப்ப உம்மட பேரிலெல்லோ இருக்குது?"

"ஆமாங்க ஐயா."

"பேந்து என்னட்டை ஏன் கேக்கிறீர்?"

 மன்னிச்சுக்குங்க ஐயா என்று வைத்துவிட்டேன். மருந்துக்கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து முதலில் வெட்கப்பட்டேன், அப்புறம் சிரித்தேன், அப்புறம் அப்பாவை நினைத்து அழுதேன். கடன் வாங்கி, கையெழுத்துப் போட்டு, உறுதியின் நகலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஒருத்தி, வெளியேறிப்போன மனுஷனிடம் போய் என் சுவரை நான் தொடலாமா என்று கேட்டிருக்கிறேன்! உலகத்தில் வேறு எந்தச் சனம் இந்தப் பிழையைச் செய்யும்? நம் ஆட்கள் தவிர வேறு யாருக்கும் இது வராது. "மண்டூகம்" என்று நீ சொல்வது அப்படியே காதில் கேட்டது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு பாஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பாஸ் தலவாக்கலையில் வேறு வேலையில் இறங்கிவிட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் தங்கச்சி என்றார். மாத முடிவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தாதியோ அட்டனில் இன்னொரு அறை பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். மாலையில் பஸ் பிடித்து பாஸ் வேலை செய்கிற இடத்துக்கே போய் நின்றேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், கடைசியில் அவருடைய மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன் என்பதையும் நினைவுபடுத்தினேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். பகலில் அங்கே, பின்னேரம் இங்கே என்று ஒத்துக்கொண்டார். பதினேழு படியிலும் சிமெந்துக் கல்லை நான்தான் சுமந்து ஏற்றினேன். பின்சுவரில் முதல் அடி விழுந்து, ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தாதி வந்த அன்று பெயின்ட் காயவில்லை. சுவரில் கை வைத்துவிட்டு விரலைப் பார்த்துச் சிரித்தாள். ஒப்பந்தத் தாளில் இரண்டு இடம் இருந்தது, வாடகைக்கு இருப்பவர், வீட்டு உரிமையாளர். நான் பழக்க தோஷத்தில் முதல் இடத்தில் கையெழுத்துப் போடப் போய், நல்லவேளை, பேனாவை இழுத்துக்கொண்டேன். முதல் மாத வாடகை அப்படியே வங்கிக்குப் போய்த் தவணையை மூடியது. அடியே, வேலை செய்கிறது! நீ கடற்கரை மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டியது நிஜமாகவே வேலை செய்கிறது.

ஆனால் அம்மா அசையவில்லை. ஒரு மாதத்தை வைத்து என்ன சொல்வது என்றார். இரண்டாம் மாதமும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவார், இந்தப் பக்கம் ஆக்கியதில் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பார், நாலு மணிக்கெல்லாம் சேலையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். 

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மா விறாந்தை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தாதி வாளி நிறையத் துவைத்த துணியோடு வந்து, அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அம்மா, இந்தத் தூண்ல இருந்து அந்த மரத்துக்குக் கொடி கட்டினா பரவாயில்லையா?"

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார். கேள்வி வேறு யாருக்கோ என்று நினைத்துவிட்டார். பின்னால் நான்தான் நின்றேன், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, பெரிய ஆட்கள் யாராவது தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் லயத்து முன்னால் காய்கிற துணியையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி ஆள் வரும். ஈரத்துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடியவர்களில் அம்மாதான் முதல் ஆள். இப்போது ஒரு அரசாங்க உத்தியோகக்காரி, வீட்டுக்கு முன்னால் கொடி கட்டட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"கட்டுங்க மிஸ்" என்றார் அம்மா. குரல் சின்னதாகத்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஒன்னு எதுக்கு? ரெண்டாவே கட்டுங்க. இங்கதான் நல்லா வெயில் விழும்" என்றார். பிறகு கயிற்றின் ஒரு முனையைத் தானே வாங்கி, மரத்தில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். அன்று நாலு மணி பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில்தான் கிளம்பினார்.

முந்தாநாள் வேலை முடிந்து வந்தால் பின்வாசலில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, அப்பாவின் படம். அம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது லயத்துல புதுசா கல்யாணம் கட்டுன புள்ளைங்க எடமில்லாம கெடக்குதுங்க. ரூம அதுங்களுக்கே குடுத்துருங்கன்னு தோட்டத்து ஆபிஸ்ல சொல்லிட்டேன். இனிமே இங்க இருந்தே பஸ்ல வேலைக்குப் போய்க்கிறேன்."

 எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், "என்னம்மா நீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்ல?" என்றேன்.

"ஒங்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார் அம்மா. "என் ரூமு."

அந்தக் காம்பராவை அவர் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் கொடுத்துவிட்டு வந்த பிறகு சொல்கிறார். தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டிலைச் சுவரோரம் தள்ளித் தனக்குப் பாய் விரிக்க இடம் செய்துகொண்டார். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். யாரையும் கேட்காமல் செய்கிற அந்தத் துணிச்சல் உன்னிடமிருந்து எனக்கு வந்தது என்பதை நான் அறிவேன். எனக்கே தெரியாமல் அது அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.